உள்ளூருக்கு வருமுன் ஆடிப் பார்க்க: அயல்நாட்டு ஆன்லைன் ஆர்பிஜிக்கு ஒரு வழித்துணை

2012 ஜூலை 4 அன்று செகா நிறுவனம் ‘பாண்டசி ஸ்டார் ஆன்லைன் 2’ கேமை ஜப்பானில் வெளியிட்டது. அதே மாதம், 2013 தொடக்கத்தில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் வரும் என்ற அறிவிப்பும் வந்தது. 2013 போனது, 2014 போனது. அமெரிக்காவில் கதவு திறந்தது 2020இல்தான். அதுவரை ஆங்கில ரசிகர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஜப்பான் சர்வரிலேயே கணக்கு தொடங்கினார்கள். ரசிகர்களே மொழிபெயர்த்த ஆங்கில பேட்சைப் பொருத்திக்கொண்டு, ‘ஷிப் 2’ என்ற சர்வரில் கூட்டமாகக் குடியேறி ஆடித் தீர்த்தார்கள்.

காத்திருந்தவர்களுக்குக் கடைசிவரை கிடைக்காமலே போன கேமும் உண்டு. பண்டாய் நாம்கோவின் ‘புளூ புரோட்டோகால்’ 2023 ஜூன் 14 அன்று ஜப்பானில் தொடங்கியது. வெளிநாட்டு வெளியீட்டை அமேசான் கேம்ஸ் எடுத்திருந்தது. 2023 என்று சொன்னது 2024 ஆனது. கடைசியில் வெளியீடே ரத்தானது. ஜப்பான் சர்வரும் 2025 ஜனவரி 18 அன்று மூடப்பட்டது. அந்த ஒன்றரை ஆண்டுக்குள் உள்ளே போய்ப் பார்த்தவர்கள் பார்த்ததோடு சரி.

ஆகவே, முன்கூட்டியே ஆடிப் பார்க்கும் ஆசையில் தவறில்லை. ஆனால் அதற்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசை தவறினால் கணக்கு போகும், பணம் போகும், சில சமயம் கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளும் போகும். இந்த அத்தியாயம் முழுக்க ஒரே நிபந்தனைதான்: அயல்நாட்டு சர்வரில் நேரத்தைச் செலவழிக்கலாம், பெரும் பணத்தையும் சொந்த அடையாள ஆவணங்களையும் கொண்டுபோய் வைக்கக் கூடாது.

முதலில், எந்தக் கதவு?

டவுன்லோட் பட்டனை அழுத்துமுன் அந்த கேம் வெளிநாட்டவரை எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். நான்கு வகைதான் உண்டு.

1. அழைத்து உள்ளே விடுவது. உள்ளூர் வெளியீட்டுக்கு முன் நிறுவனமே நடத்தும் பீட்டா சோதனை. ‘லாஸ்ட் ஆர்க்’ கொரியாவில் 2018 நவம்பரில் தொடங்கியது. உலக வெளியீடு 2022 பிப்ரவரி 11. அதற்கு முன், 2021 நவம்பரில் வெளிநாட்டவருக்கென்றே ஒரு மூடிய பீட்டா நடந்தது. இப்படிப்பட்ட வாய்ப்பு இருந்தால் மற்ற மூன்று வழிகளைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

2. மின்னஞ்சல் இருந்தால் போதும் என்பது. ஜப்பானிய கேம்கள் பலவும் இந்த வகை. மின்னஞ்சல், பாஸ்வேர்டு, பிறந்த தேதி, ஒரு கேப்சா. அவ்வளவுதான்.

3. நாட்டைப் பார்த்துத் தடுப்பது. கணக்கு தொடங்க முடியும். ஆனால் ஜப்பானுக்கு வெளியே உள்ள ஐபி முகவரியிலிருந்து வந்தால் சர்வர் திருப்பி அனுப்பிவிடும். 2012 ஆகஸ்டில் தொடங்கி இன்றுவரை ஆங்கிலத்தில் வராத ‘டிராகன் குவெஸ்ட் 10’ ஒரு காலத்தில் இதற்கு நல்ல உதாரணமாக இருந்தது.

4. ஆளையே சரிபார்ப்பது. கொரியாவும் சீனாவும் இந்த வகை.

கேமின் பெயரோடு ‘ஐபி பிளாக்’, ‘போன் வெரிஃபிகேஷன்’ என்ற சொற்களைச் சேர்த்துத் தேடினால் பத்து நிமிடத்தில் வகை தெரிந்துவிடும். தேடும்போது கடந்த மூன்று மாதப் பதிவுகளை மட்டும் நம்புங்கள். திறந்திருந்த கதவு திடீரென்று மூடிக்கொள்வது இந்த உலகில் சாதாரணம்.

நான்காம் கதவை ஏன் தட்டக் கூடாது

கொரியாவில் ஒவ்வொரு குடிமகனுக்கும் 13 இலக்கப் பதிவு எண் உண்டு. ஒரு காலத்தில் கேம் கணக்கு தொடங்க அந்த எண்ணைத்தான் கேட்டார்கள். விளைவு? 2006இல் ‘லினேஜ்’ கேமில் பெருந்தொகையான கொரியர்களின் பெயரிலும் எண்ணிலும் அவர்களுக்கே தெரியாமல் கணக்குகள் தொடங்கப்பட்டிருந்தது அம்பலமாகி, நாடே அதிர்ந்தது. 2012இல் இணையதளங்கள் அந்த எண்ணைச் சேகரிப்பதற்கே தடை வந்தது. இப்போது பெரும்பாலும் சொந்தப் பெயரில் பதிவான கொரியக் கைபேசி எண் வழியாகத்தான் சரிபார்ப்பு. சீனாவிலும் கணக்கை அடையாள அட்டையோடு இணைத்தாக வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே ஆடலாம் என்று 2021இல் அங்கே விதி வந்தபின் பிடி இன்னும் இறுகியது.

இந்த இடத்தில்தான் ஆர்வம் அறிவை முந்திவிடும். இணையத்தில் ‘வெரிஃபை செய்த கணக்கு விற்பனைக்கு’ என்று விளம்பரங்கள் கண்ணில் படும். வாங்காதீர்கள். காரணங்கள் மூன்று.

- அந்தக் கணக்கு இன்னொருவரின் அடையாளத்தில் உள்ளது. அவர் தெரிந்து கொடுத்தாரா, திருடப்பட்டதா என்பதை உங்களால் கண்டுபிடிக்க முடியாது. இன்னொருவரின் பதிவு எண்ணைப் பயன்படுத்துவது கொரியச் சட்டத்தில் சிறை வரை போகும் குற்றம்.
- விற்றவர் நினைத்த நேரத்தில் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்று சொல்லிக் கணக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வார். சரிபார்ப்பு அவர் கையில். உங்களிடம் இருப்பது வெறும் பாஸ்வேர்டு.
- புகார் கொடுக்க இடமில்லை. நிறுவனத்திடம் போனால் முதலில் முடக்கப்படுவது உங்கள் கணக்குதான்.

சரிபார்ப்புக்காகப் பாஸ்போர்ட் நகலையோ ஆதார் நகலையோ அனுப்பச் சொல்லும் ‘உதவியாளர்கள்’ பக்கமும் போக வேண்டாம்.

மாற்று வழி என்ன? அதே கேமின் வேறொரு நாட்டுப் பதிப்பைத் தேடுவது. ‘பிளேட் அண்ட் சோல்’ கொரியாவில் 2012இல் வந்தது. மேற்கு நாடுகளுக்கு 2016 ஜனவரியில்தான் வந்தது. இடையில் தைவானிலும் ஜப்பானிலும் அது திறந்தபோது, கொரிய சர்வரில் நுழைய முடியாத ஆங்கில ரசிகர்கள் அங்கே போய் ஆடினார்கள். கேம் ஒன்றுதான், கதவு எளிது.

கணக்கு தொடங்கும் வரிசை

1. இதற்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்குங்கள். வங்கி, வேலை, குடும்பம் எதுவும் அதில் வரக் கூடாது.
2. புதிய பாஸ்வேர்டு. வேறெங்கும் பயன்படுத்தியது வேண்டாம்.
3. பதிவுப் பக்கத்தைப் பிரவுசரின் மொழிபெயர்ப்பு வசதியில் ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டு, பிறகு மூல மொழிக்குத் திருப்பி நிரப்புங்கள். மொழிபெயர்ப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது நிரப்பினால் சில படிவங்கள் சிக்கிக்கொள்ளும்.
4. உண்மையான பிறந்த தேதியையே கொடுங்கள். கணக்கை மீட்கும்போது முதலில் கேட்பது அதைத்தான். வாய்க்கு வந்த தேதியைக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் கழித்துத் திண்டாடுபவர்கள் நிறைய.
5. ரகசியக் கேள்வி, அதன் பதில், கணக்கு எண், தொடங்கிய தேதி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஜப்பானிய எழுத்தில் தோன்றும் கேள்வி அடுத்த மாதம் நினைவில் இருக்காது.
6. ஓடிபி வசதி இருந்தால் உடனே இயக்குங்கள்.
7. விதிமுறைகளில் ‘சேவைப் பகுதி’ என்ற பிரிவைத் தேடிப் படியுங்கள். ‘இந்தச் சேவை ஜப்பானில் வசிப்பவர்களுக்கு மட்டும்’ என்று இருந்தால், எந்த விளக்கமும் தராமல் உங்கள் கணக்கை மூடும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. அதைத் தெரிந்துகொண்டு ஆடுவது வேறு, தெரியாமல் ஆடுவது வேறு.

விபிஎன் பற்றிச் சில வார்த்தைகள்

மூன்றாம் வகைக் கேம்களுக்கு விபிஎன் போட்டு நுழைவது ரசிகர்களிடையே பழகிப்போன வழி. இந்தியாவில் விபிஎன் பயன்படுத்துவதே குற்றம் என்று எந்தப் பொதுச் சட்டமும் இல்லை. வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு சேமிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டபின் எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்டுவிபிஎன், சர்ஃப்ஷார்க் போன்றவை தங்கள் இந்திய சர்வர்களை எடுத்துவிட்டன, சேவை தொடர்கிறது. ஆனால் நாட்டுச் சட்டம் அனுமதிப்பதால் கேம் நிறுவனம் அனுமதிக்கிறது என்று ஆகிவிடாது. பல நிறுவனங்களின் விதிகள் இதைத் தடுக்கின்றன. பிடிபட்டால் வாதாட இடமில்லை.

இலவச விபிஎன் மட்டும் வேண்டவே வேண்டாம். ‘ஹோலா’ என்ற பிரபல இலவசச் சேவை, தன் பயனர்களின் இணைய இணைப்பையே பிறருக்குப் பணத்துக்கு விட்டுவந்தது 2015இல் வெளியானது. அதாவது, முகம் தெரியாத எவரோ செய்த காரியம் உங்கள் ஐபி முகவரியில் பதிவாகும்.

இன்ஸ்டால் செய்யும்போது

2013 செப்டம்பரில் ‘பாண்டசி ஸ்டார் ஆன்லைன் 2’வின் ஓர் அப்டேட், கேமுக்குச் சம்பந்தமே இல்லாத கோப்புகளையும் சிலருடைய ஹார்டு டிஸ்கிலிருந்து அழித்துவிட்டது. செகா அவசரமாக அப்டேட்டை நிறுத்தியது. பெரிய நிறுவனத்தின் அதிகாரபூர்வக் கோப்பிலேயே இது நடந்தது என்றால், யாரோ ஏற்றிவைத்த கோப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

1. முக்கியமான படங்களையும் ஆவணங்களையும் வேறொரு டிரைவில் நகல் எடுங்கள்.
2. கேமுக்குத் தனி டிரைவோ தனிப் பார்ட்டிஷனோ ஒதுக்குங்கள். போல்டர் பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். விண்டோஸ் பயனர் பெயர் தமிழில் இருந்தால் பழைய லாஞ்சர்கள் திறக்காமல் போகலாம்.
3. நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். சந்தேகம் இருந்தால் வைரஸ்டோட்டல் தளத்தில் கோப்பைச் சோதியுங்கள்.
4. எழுத்துகள் கேள்விக்குறிகளாகவும் கட்டங்களாகவும் தெரிகின்றனவா? விண்டோஸ் கண்ட்ரோல் பேனலில் ‘ரீஜன்’ பகுதிக்குப் போய், ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ்’ என்ற தாவலில் சிஸ்டம் லொகேலை ஜப்பானியத்துக்கோ கொரியத்துக்கோ மாற்றி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸின் மொழி மாறாது. பழைய கேம்கள் எழுத்தைப் படிக்கும் முறை மட்டும் மாறும். பழைய தமிழ் எழுத்துரு மென்பொருள்கள் வைத்திருப்பவர்கள், ஆடி முடித்ததும் திரும்ப மாற்ற மறக்க வேண்டாம்.
5. பெயர் தட்டச்சு செய்ய அந்த மொழியின் கீபோர்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சில ஜப்பானிய கேம்கள் பாத்திரத்தின் பெயரை ஜப்பானிய எழுத்தில் மட்டுமே ஏற்கும்.

மொழி: பேட்சா, கேமராவா?

ரசிகர்கள் உருவாக்கும் பேட்ச் கேமின் கோப்புகளை மாற்றுகிறது. அங்கேதான் ஆபத்து. என்ப்ரொடெக்ட் கேம்கார்டு, எக்ஸைன்கோட், ஈஸி ஆன்ட்டி-சீட் போன்ற காவல் மென்பொருள்களின் வேலையே கோப்பு மாறியிருக்கிறதா, கேமின் நினைவகத்தை வேறு மென்பொருள் தொடுகிறதா என்று பார்ப்பது. ‘நான் மொழிபெயர்ப்புக்காக மாற்றினேன், ஏமாற்றுவதற்காக அல்ல’ என்பது அந்த மென்பொருளுக்குப் புரியாது.

அதனால் புதியவர்களுக்கு ஏற்ற வரிசை இது:

1. முதல் வாரம் பேட்ச் இல்லாமல், கைபேசியின் கூகுள் லென்ஸை மானிட்டர் முன் பிடித்துப் படியுங்கள். மெதுவான வழிதான், ஆனால் கேமை எந்த விதத்திலும் தொடாத வழி.
2. மெனுவின் இடங்களை மனப்பாடம் செய்யுங்கள். எந்த ஆர்பிஜியிலும் பை, திறன், வரைபடம், குவெஸ்ட், செட்டிங்ஸ் என்று ஐந்தாறு இடங்கள்தான் அடிக்கடி வேண்டியவை.
3. ஜப்பானிய கேம் என்றால் கடகனா எழுத்தை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். அடிப்படை எழுத்து 46. மெனுச் சொற்களில் பாதி ஆங்கிலத்திலிருந்து போனவை என்பதால், எழுத்துக்கூட்டினாலே பொருள் விளங்கிவிடும். ஹங்குல் இன்னும் எளிது: அடிப்படை எழுத்து 24.
4. இதற்குப் பிறகும் பேட்ச் வேண்டும் என்று தோன்றினால், பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளதா, கடைசி கேம் அப்டேட்டுக்குப் பின் புதுப்பிக்கப்பட்டதா, ஆடுபவர்கள் முடக்கப்பட்டதாகப் புகார் உண்டா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இடித்தாலும் விட்டுவிடுங்கள்.

‘பேட்சைப் போடுமுன் ஆன்ட்டிவைரஸை நிறுத்துங்கள்’ என்று முதல் வரியிலேயே சொல்லும் எந்தக் கோப்பையும் தொடாமலிருப்பது நல்லது.

ரசிகர் குழுக்கள் எல்லாமே ஐயத்துக்குரியவை என்று பொருளல்ல. ‘பாண்டசி ஸ்டார் ஆன்லைன் 2’ 2020 மே மாதம் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் வந்தபோது இன்ஸ்டால் சிக்கல்கள் அலைக்கழித்தன. அப்போது பலரைக் காப்பாற்றியது, ஜப்பான் சர்வருக்காக ரசிகர்கள் முன்பே எழுதி வைத்திருந்த ‘ட்வீக்கர்’ என்ற கருவிதான்!

பிங்கும் கடிகாரமும்

சென்னையிலிருந்து டோக்கியோ நேர்கோட்டில் சுமார் 6,400 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்த் திரும்பவே 64 மில்லி செகண்ட் ஆகிவிடும். கேபிள் நேர்கோட்டிலும் போவதில்லை. ஆகவே நடைமுறையில் நூறு மில்லி செகண்டைத் தாண்டிய பிங்கை (சிக்னல் போய்த் திரும்பும் நேரத்தை) எதிர்பார்த்துக்கொண்டே உட்காருங்கள். எந்த பிராட்பேண்ட் திட்டத்துக்கு மாறினாலும் தூரம் குறையாது.

இது எல்லா கேமையும் ஒரே மாதிரி பாதிக்காது. ‘டிராகன் குவெஸ்ட் 10’ போலக் கட்டளையைத் தேர்ந்தெடுத்து அடிக்கும் கேமில் 150 மில்லி செகண்ட் பெரிதாகத் தெரியாது. ‘பிளேட் அண்ட் சோல்’ போல எதிரியின் அடியை அந்தக் கணத்தில் தடுக்க வேண்டிய கேமில், நீங்கள் தடுத்தபோது அடி விழுந்து முடிந்திருக்கும். ஆளோடு ஆள் மோதும் போட்டிகளை விட்டு, கதைப் பகுதியை ஆடுங்கள். வைஃபையை விட்டுக் கேபிள் போட்டால், தூரத்தால் வரும் தாமதம் குறையாவிட்டாலும் இடையிடையே வரும் திக்கல் குறையும்.

ஜப்பானும் கொரியாவும் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னே. அங்கே இரவு 9 மணிக் கூட்டம் இங்கே மாலை 5.30. இரவுச் சாப்பாடு முடித்து 10 மணிக்கு நீங்கள் உட்காரும்போது அங்கே மணி ஒன்றரை. சேர்ந்து ஆட ஆள் கிடைப்பது கஷ்டம். வாராந்தரப் பராமரிப்பு எந்த நாளில் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அன்று சர்வர் இணையவில்லை என்பதற்காகக் கேமை அழித்து மறுபடி இறக்குவது புதியவர்கள் தவறாமல் செய்யும் வேலை.

அங்கே போனால் அங்குள்ள மாதிரி

ஜப்பான் சர்வரில் குழுவில் சேரும்போது ‘யொரொஷிகு’ (சேர்ந்து ஆடுவோம் என்ற மாதிரி), முடிந்ததும் ‘ஒட்சுகரெசமா’ (நன்றாக உழைத்தீர்கள்) என்று ஒரு வரி தட்டுவது வழக்கம். பெரும்பாலான கேம்களில் இதை ஷார்ட்கட் சாட்டாகச் சேமிக்கலாம். பொது சாட்டில் ஆங்கிலத்தில் தொடர்ந்து எழுதாதீர்கள். வழிமுறை புரியாமல் உயர்நிலை ரெய்டில் போய் நிற்காதீர்கள். குழுவில் உள்ள மற்றவர்களின் அரை மணி நேரமும் அதில் இருக்கிறது. வெளிநாட்டவர் கூடும் சர்வர் எது என்று முன்பே விசாரித்துச் சேர்ந்தால் பாதிச் சங்கடம் தீரும். அது பாத்திரத்தை உருவாக்கும்போது எடுக்கும் முடிவு. பிறகு மாற்றப் பெரும்பாலும் பணம் கேட்பார்கள்.

பணம்

ஒரு மாதமாவது காசு போடாமல் ஆடுங்கள். அதற்குமேல் போட வேண்டும் என்றால்:

- டெபிட் கார்டை நேரடியாகக் கொடுக்காமல் ப்ரீபெய்டு கிஃப்ட் கார்டை நாடுங்கள். அதிகாரபூர்வ விற்பனையாளரிடம் மட்டும்.
- உங்கள் கார்டு வெளிநாட்டில் வேலை செய்யவில்லை என்றால் பதற வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். வங்கிச் செயலியில் இயக்கி, குறைந்த வரம்பு வைத்து, வாங்கியதும் திரும்ப அணையுங்கள். அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி.
- கச்சா எனப்படும் குலுக்கல் பக்கம் போக வேண்டாம். முடக்கப்படக் கூடிய கணக்கில் அதிர்ஷ்டத்துக்குப் பணம் கட்டுவது இரட்டைச் சூதாட்டம்.
- வீட்டில் பிள்ளைகள் ஆடினால், கார்டு விவரத்தைக் கணக்கில் சேமித்து வைக்காதீர்கள்.

கைபேசியில் ஆடுபவர்களுக்கு

உங்கள் முதன்மை கூகுள் கணக்கின் நாட்டை மாற்றாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறைதான் மாற்ற முடியும். தவிர, பழைய நாட்டில் உள்ள பிளே இருப்புத் தொகையும் பயன்படாமல் நிற்கும். புதிய கணக்கு ஒன்றைத் தனியாகத் தொடங்குங்கள். ஆப்பிளிலும் அப்படியே. ஏபிகே கோப்பை நேரடியாக இறக்க நேர்ந்தால், எஸ்எம்எஸ் படிக்கவும் பிற செயலிகளின் மேல் தோன்றவும் அனுமதி கேட்கிறதா என்று பாருங்கள். ஒரு கேமுக்கு உங்கள் ஓடிபியைப் படிக்கும் தேவை இல்லை. வங்கிச் செயலிகள் உள்ள கைபேசியில் இதைச் செய்யாமல், பழைய கைபேசி ஒன்றில் செய்யுங்கள்.

உள்ளூர் வெளியீடு வந்தபின்

பாத்திரம் கூடவே வரும் என்று எண்ண வேண்டாம். ஜப்பான் சர்வரில் எட்டு ஆண்டு வளர்த்த ‘பாண்டசி ஸ்டார்’ பாத்திரங்களை அமெரிக்க சர்வருக்கு எடுத்துப்போக செகா வழி செய்யவில்லை; எல்லோரும் முதல் நிலையிலிருந்தே தொடங்கினார்கள். மிஞ்சியது அவர்கள் தலையில் இருந்த வரைபடமும் ரெய்டு அனுபவமும். அதுவே சிறிய லாபமல்ல.

கற்றது அப்படியே செல்லுபடியாகும் என்றும் நம்ப வேண்டாம். ‘லாஸ்ட் ஆர்க்’ உலக வெளியீட்டில் ஸ்டீமில் ஒரே நேரத்தில் 13 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். கொரியாவில் அப்போதே இருந்த சில வகுப்புகளும் (பாத்திர வகைகளும்) ரெய்டுகளும் அங்கே தவணை தவணையாகத்தான் வந்தன. கொரியப் பதிப்பைப் பார்த்து வகுப்பை முடிவு செய்து வைத்திருந்த சிலர், அந்த வகுப்பே இல்லாத கேமில் போய் நின்றார்கள்.

மூட்டை கட்டும் வரிசை இதோ:

1. கணக்கில் இணைத்த கார்டை நீக்குங்கள்.
2. நினைவுக்கு வேண்டிய ஸ்கிரீன்ஷாட்களையும், பாத்திரத் தோற்றத்தைச் சேமிக்கும் கோப்பு இருந்தால் அதையும் நகல் எடுங்கள். சில கேம்களில் அதை உள்ளூர்ப் பதிப்பில் ஏற்றலாம்.
3. கேமை நீக்கியபின் காவல் மென்பொருள் தனியாகத் தங்கியிருக்கிறதா என்று ‘இன்ஸ்டால்டு ஆப்ஸ்’ பட்டியலில் பார்த்து அதையும் நீக்குங்கள்.
4. சிஸ்டம் லொகேலைப் பழையபடி மாற்றுங்கள்.
5. மாதச் சந்தா கட்டியிருந்தால் அதை முறைப்படி ரத்து செய்யுங்கள். கேமை அழித்தால் சந்தா நிற்காது. கார்டிலிருந்து யென் மாதாமாதம் போய்க்கொண்டேதான் இருக்கும்.